தூக்காமல் இறங்கும் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் முற்றத்தில் நிற்க விடவில்லை. பால்காரர் வரவில்லை. கடைப் பாலில் காப்பி போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

ஷெர்லினுடைய கம்ப்யூட்டர் இன்றும் பாதி வேலையில் அணைந்துவிட்டது.

"சூடு எல்ல மீறிப் போகுது அத்தே. அதுவே தன்ன அணைச்சுக்கிடுது" என்றாள். முகம் வாடியிருந்தது.

இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் இப்போது நானும் என் மருமகளும்தான். என் மகன் கிங்ஸ்லி துபாயில் வேலை பார்க்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷெர்லின் முன்னறையில் உட்கார்ந்து, கட்டப்போகிற கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்பே உள்ளே நடந்து பார்ப்பதுபோல் படமாக்கித் தருகிறாள். மதுரையில் உள்ள ஒரு கட்டட வடிவமைப்பாளர் அலுவலகம் ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். ஜூலைக் கடைசியில் படத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவள் இதுவரை செய்ததிலேயே பெரிய வேலை இதுதான்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கிங்ஸ்லிதான் போவதற்கு முன்னால் தன் கையால் கட்டினான். பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு சின்னத் தொட்டி, ஒரு பம்பு, கண்ணாடிபோல் வளைத்த கெட்டிக் குழாய்கள், சூட்டை வெளியே விடக் காரில் இருப்பது மாதிரி ஒரு ரேடியேட்டர். வெறும் தண்ணீர் ஊற்றினால் அழகு போதாது என்று பால்போல் வெள்ளையாக ஒரு திரவம் வாங்கி ஊற்றினான். அப்போது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

இப்போது அந்தப் பால் திரிந்து கிடக்கிறது. மேலே மஞ்சள் தண்ணீர், கீழே வண்டல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவளுக்கு ஒரு வீழ்படிவைப் பார்த்தால் தெரியாதா?

ஜூன் 5, வியாழன்

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்வந்தாள். தண்ணீர் வைத்த பெட்டியைத் தொடமாட்டார்களாம். "அதெல்லாம் வேண்டாம்மா, குழாய வெட்டி எறிஞ்சிட்டு ஃபேன் போடுங்க" என்றாராம் கடைக்காரர். சூடு ஏறும் பெரிய சில்லை மூடியிருக்கிற செம்புத் தகட்டைக் கழற்றினால், அதற்கென்று வந்த பழைய காற்றாடியை மறுபடி மாட்ட வேண்டும். அதைக் கிங்ஸ்லி எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. பரணில் தேடினோம். கிறிஸ்மஸ் நட்சத்திரமும் உடைந்த தையல் மெஷினும்தான் இருந்தன.

"அவன்கிட்டயே கேளேன்" என்றேன்.

"கேட்டேன் அத்தே. மெசேஜ் போட்டேன். அவிய பாக்கல போல."

வேலை நேரமாக இருக்கும்.

ஜூன் 7, சனி

இன்று பட்ட பாட்டை எழுதாமல் தூங்க முடியாது.

பழைய திரவத்தை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வழியுமே கிங்ஸ்லி வைக்கவில்லை. உள்ளே ஊற்ற மூடி உண்டு, வெளியே விட ஒரு துவாரம் கிடையாது. ஷெர்லின் கைபேசியில் யார் யாரோ செய்து காட்டியதை எல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமாச் சேந்து குளியலறைக்குக் கொண்டு போயிருவோம்" என்றாள்.

தூக்கினோம். சிமெண்டு மூட்டை கனம் இருக்கும். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு தடவை இறக்கி வைத்தோம். என் இடுப்பில் ஏதோ பிடித்தது, சொல்லவில்லை. குளியலறையில் பெட்டியைச் சாய்த்து, கீழே வாளி வைத்து, ஒரு குழாய் மூட்டைக் கழற்றினாள். சொட்டுச் சொட்டாக வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தோம். திடீரென்று ஒரு வாய்த் தண்ணீர் பீறிட்டு, வாளியில் விழாமல் உள்ளே சில்லுகள் பதித்த மின்பலகை மேலேயே கொட்டிவிட்டது.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கரண்டு இணைப்பு இல்லை, அதனால் உடனே ஒன்றும் எரியவில்லை. துணியால் ஒற்றி, தலைக்குக் காற்றடிக்கும் மெஷினை வைத்து உலர்த்தி, பிறகு மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்தாள். ஞாயிறு முழுதும் காயட்டும் என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வாளியில் கிடந்த அந்த வெள்ளைக் கலங்கலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு சத்தம் கேட்டு வந்தாள். "ஆம்பள இல்லாத வீட்ல இதெல்லாம் எதுக்கு? சொல்லியிருந்தா எம் மருமவன வரச் சொல்லியிருப்பேன்லா" என்றாள்.

அவள் போனதும் ஷெர்லின் சொன்னாள்: "அத்தே, அடுத்த தடவ இதத் தூக்கவே கூடாது. சாய்க்கவும் கூடாது. இருந்த எடத்துல இருந்தே தண்ணி எறங்கணும். ஒரு ஆளே செய்யுத மாதிரி."

"அடுத்த தடவயும் உண்டா?"

"வருசா வருசம் உண்டு அத்தே. தண்ணிய மாத்தாட்டா மறுபடி இதே கததான்."

வருஷா வருஷம் என்று அவள் சொன்னது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கோவில். இடுப்பு வலியால் பாட்டுக்கு எழுந்து நிற்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பலகை பிழைத்துவிட்டது. தற்காலிகமாக இணைத்துப் பார்த்தாள், உயிர் இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று முழுதும் சாப்பாட்டு மேஜையில் கழுவல் வேலை. சூட்டை வாங்குகிற செம்புத் தகட்டைத் திறந்தால், தலைமயிர் கனத்தில் நூற்றுக்கணக்கான பள்ளங்கள், அவ்வளவிலும் வெள்ளைப் பசை. தண்ணீர் எப்படி ஓடும்? புதுப் பல்துலக்கும் பிரஷை எடுத்து இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். பசை போகப் போகச் செம்பின் நிறம் மேலே வந்தது. எனக்கு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஷெர்லின் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஒரு வரில அடைச்சிருக்கு" என்று மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தாள். எனக்குத் தெரியவே இல்லை அந்த வரி.

கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்திருக்கிறாள். பசை ஒட்டும் என்று இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கப் படம். கூட்டுகிறபோது கட்டிலுக்கு அடியிலிருந்தும் இரண்டு கிடைத்தன. மத்தியானம் சொதி வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

கெட்டிக் குழாய்கள் வேண்டாம். பார்க்க அழகு, கழற்ற முடியாது. வளைகிற ரப்பர்க் குழாய்கள். தொட்டி உயரத்தில். பம்பு அதற்குக் கீழே. ரேடியேட்டர் அடியில் படுத்துக் கிடந்தது. அங்கே தேங்குகிற தண்ணீர் எங்கேயும் போகாது. அதை எடுத்துப் பெட்டியின் முன்பக்கம் நிமிர்த்தி, வாய் இரண்டும் கீழே பார்க்க வைக்க வேண்டும். எல்லாத் தண்ணீரும் ஒரே தாழ்ந்த இடத்துக்கு வந்து சேரும்படி. அந்த இடத்தில் மூன்று வாய் உள்ள ஒரு மூட்டு. இரண்டு வாய் ஓட்டத்துக்கு, மூன்றாவதில் ஒரு சின்ன வால்வு. வால்விலிருந்து ஒரு முழக் குழாய். அதன் நுனியைப் பாத்திரத்தில் விட்டு வால்வைத் திருகினால் முடிந்தது.

"மேஜை மேலேயே இருக்கும். கீழ ஒரு ஸ்டூலு, அது மேல ஒரு பாத்திரம். அவ்வளவுதான் அத்தே."

"இத அவன் ஏன் முதல்லயே செய்யல?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் சொதியைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அவிய பாக்குறதுக்குன்னு கட்டுனாவ. பாத்துக்கிடுறதுக்குன்னு கட்டல" என்றாள்.

கோபம் துளிகூட இல்லாமல்தான் சொன்னாள். ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி.

ஜூன் 20, வெள்ளி

நாசரேத்திலிருந்து ஷெர்லினின் அம்மா போன். என்னிடமும் பேசினார்கள். "அவள கொஞ்ச நாள் இங்க அனுப்பி வையுங்களேன் மைனி" என்றார்கள். வேலை இருக்கிறது என்றேன். அது உண்மைதானே?

கிங்ஸ்லியின் சட்டைகளை வெயிலில் போட்டு, உதறி, மடித்து வைத்தேன். பூச்சி வரும் காலம்.

ஜூன் 24, செவ்வாய்

பெங்களூரிலிருந்து சாமான் வந்துவிட்டது. பித்தளை மூட்டுகள், குழாய்ச் சுருள், வால்வு. வால்வு என் சுண்டுவிரல் அளவுதான். கையில் வைத்துத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிள்ளைகளுக்குப் பொம்மை கிடைத்ததுபோல.

காய்ச்சி வடித்த தண்ணீர் நான் போய் வாங்கிவந்தேன். கார் பேட்டரிக் கடையில் கிடைக்கிறது. எந்தக் காருக்கு என்று கேட்டார் கடைக்காரர். மருமகளின் கம்ப்யூட்டருக்கு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூன் 25, புதன்

காலையில் தொடங்கிப் பகல் சாப்பாடு தாண்டியும் எழுந்திருக்கவில்லை. குழாயை அளந்து, வெட்டி, மாட்டி, பிடிக்காமல் கழற்றி, மறுபடி வெட்டி. ஒரு குழாய் லேசாக மடங்கினால்கூட விடமாட்டேன் என்கிறாள்.

தண்ணீர் விடுவதற்கு முன்னால் காற்றடித்துச் சோதித்தாள். அளவு காட்டும் முள் வைத்த ஒரு கைப்பம்பு. காற்றடித்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முள் நின்றால் கசிவு இல்லை. முள் மெல்ல இறங்கியது.

நானாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றியிருப்பேன். அவள் ஒவ்வொரு மூட்டாகத் தனியே அடைத்து, பாதிப் பாதியாகச் சோதித்துக்கொண்டே போனாள். தேடுகிற இடம் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு மூட்டில் நின்றது. திறந்தால், உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. நேராக்கி மாட்டினாள். முள் அசையவில்லை. ஒரு டம்ளர் மோர் குடித்து முடிக்கும்வரை பார்த்தோம். அசையவே இல்லை.

நான் பாடம் நடத்திய காலத்தில் இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

ஜூன் 26, வியாழன்

தண்ணீர் விட்டாள். கம்ப்யூட்டரை எழுப்பாமல் பம்பை மட்டும் ஓட்ட ஒரு வழி வைத்திருக்கிறாள். எல்லா மூட்டுக்கும் கீழே பழைய செய்தித்தாள். தொட்டியில் ஊற்ற ஊற்றத் தண்ணீர் குழாய்களில் ஓடி மறைந்தது. குமிழிகள் பொங்கிப் பொங்கி அடங்கின. செய்தித்தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இந்தத் தடவை நிறமே இல்லாத தண்ணீர், பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு சொட்டு மருந்து மட்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் குழாயில் ஒன்றும் ஓடாத மாதிரி இருக்கிறது.

ஜூன் 28, சனி

"எறக்குறதச் சோதிக்காம வேலையத் தொடங்கமாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். நல்லா ஓடுகிறதே, வேலை வேறு கிடக்கிறதே என்றேன். கேட்கவில்லை.

ஸ்டூலைப் போட்டாள், பாத்திரத்தை வைத்தாள், வால்வைத் திருகினாள். கொஞ்சம் வந்தது. நின்றுவிட்டது.

குழாயெல்லாம் தண்ணீர் நிறைந்திருக்கிறது, வால்வு திறந்திருக்கிறது, ஒரு சொட்டு வரவில்லை. நான் அடைப்பு என்றேன். அவள் குழாயைக் கண்ணால் தொடர்ந்து மேலே பார்த்தாள். பிறகு தொட்டியின் மேல் மூடியைத் திருகித் திறந்தாள். சளசளவென்று கொட்டத் தொடங்கியது.

"காத்து உள்ள போனாத்தான தண்ணி வெளிய வரும்" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிப்பெட்டின் மேல்வாயை விரலால் மூடினால் திரவம் இறங்காது, விரலை எடுத்தால் இறங்கும். எத்தனை பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்! சொன்னேன். இருவரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ரேடியேட்டரில் மட்டும் கொஞ்சம் மிச்சம் நின்றது. சைக்கிள் பம்பை மேல்மூடியில் பொருத்தி மெதுவாக ஊதினாள். அதுவும் வந்துவிட்டது.

பிறகு மறுபடி தண்ணீர் நிரப்பினாள். "இப்ப நீங்க செய்யுங்க அத்தே" என்றாள்.

"நான் எதுக்கு?"

"நா இல்லாத நேரம் ஏதாவது கசிஞ்சா நீங்க எறக்கணும்லா. மேல மூடியத் தொறக்கணும். கீழ வால்வத் தொறக்கணும். அவ்வளவுதான்."

செய்தேன். முதலில் மேலே, பிறகு கீழே. பெட்டி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. என் இடுப்பு வலிக்கவில்லை. தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் இல்லாத நேரம் என்று அவள் ஏன் சொன்னாள் என்று சாயங்காலம் முழுக்க மனதில் ஓடியது. மதுரைக்குப் போகிற நாளைச் சொல்லியிருப்பாள்.

ஜூலை 2, புதன்

பகலெல்லாம் ஓடியும் பெட்டி தொட்டால் இதமாகத்தான் இருக்கிறது. ஷெர்லின் வாய்க்குள் பாட்டு முனகுகிறாள்.

ஜூலை 9, புதன்

கிங்ஸ்லி போன் செய்தான். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 10, வியாழன்

எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெரிய சில், படமெல்லாம் உருவாக்குகிற அந்தக் கார்டு, அது அவனுக்கு வேண்டுமாம். அங்கே வாங்க ரொம்ப விலையாம். அவன் சிநேகிதன் பிரின்ஸ் ஊருக்கு வந்திருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடச் சொன்னான். ஷெர்லின் எப்படி வேலை செய்வாள் என்றேன். "அவளுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய கார்டு?" என்றான். அவள் செய்கிற படத்தைப் பற்றிச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டான். அவள் சுகமா என்று கேட்கவில்லை.

வேறு சிலவும் சொன்னான். அதை எழுதப் பிடிக்கவில்லை.

ஷெர்லினிடம் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடியட்டும்.

ஜூலை 16, புதன்

படத்தின் ஒரு பகுதியைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தின் நடைக்கூடம். சுவரில் கை வைத்து நடக்கிற உயரத்தில் ஒரு பட்டை, வகுப்புக்கு வகுப்பு அது வேறு வேறு சொரசொரப்பு. தரையில் வெயில் விழுகிற இடம் கால் தெரிந்துகொள்வதற்காக. நாம் நடப்பதுபோல் காட்சி மெல்லப் போகிறது; மூலையில் திரும்பினால் ஒரு வேப்பமரம்.

"பாக்க முடியாத பிள்ளைகளுக்கு மரம் எதுக்கு?" என்றேன்.

"சத்தத்துக்கு அத்தே. காத்தடிச்சா வாசல் எந்தப் பக்கம்னு தெரியும்லா."

வரைபடத்தில் மரம் இல்லையாம். இவள் சேர்த்திருக்கிறாள். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது என்றாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் முட்டாள்கள் என்று நான் சொன்னேன். ஆசிரியர் வேலையில் இருந்தபோது அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை.

ஜூலை 21, திங்கள்

காலைப் பஸ்ஸில் மதுரைக்குப் போனாள். நாளை படத்தைக் காட்டிவிட்டுப் புதன்கிழமை வருவாள். நீலச் சேலை. வாசலில் நின்று, "ஜெபம் பண்ணிக்கோங்க அத்தே" என்றாள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

பதினோரு மணிக்குப் பிரின்ஸ் வந்துவிட்டான். கையில் அட்டைப்பெட்டி, காற்றுக்குமிழித் தாள். ஷெர்லின் இல்லாத நாளாகப் பார்த்து அனுப்பினானா, தற்செயலா, தெரியாது.

நல்ல பையன்தான். முன்னறையில் பெட்டியைப் பார்த்ததும் தயங்கினான். "ஆன்ட்டி, இதுல தண்ணி இருக்கே. கார்டக் கழத்துனா எல்லாத்துலயும் கொட்டிருமே" என்று சொல்லிவிட்டுக் கிங்ஸ்லியை வீடியோவில் கூப்பிட்டான்.

திரையில் என் மகன் முகம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். பின்னால் மஞ்சள் திரைச்சீலை போட்ட ஒரு கூடம்.

"ஏல, அதுல தண்ணி எறக்க வழியே கெடையாது. சாய்ச்சுத்தான்..." என்று தொடங்கியவன் பெட்டியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். "இது என்ன? குழாயெல்லாம் வேறயா இருக்கு. யாரு மாத்துனா?"

"ஷெர்லின்" என்றேன்.

"கிட்ட காட்டுல" என்றான் பிரின்ஸிடம். தொட்டியை, ரேடியேட்டரை, கீழ்மூட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நல்லாத்தான் பண்ணியிருக்கா" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னான். அந்த ஒரு நொடி அவன் முகம் பழைய கிங்ஸ்லி முகம் மாதிரி இருந்தது.

"எம்மா, அந்தக் கீழ இருக்க வால்வத் தொறந்தா எறங்கிருமா?"

"எறங்கிரும்."

"உங்களுக்குத் தொறக்கத் தெரியுமா?"

"தெரியும். மேல மூடி, கீழ வால்வு. நானே செஞ்சிருக்கேன்."

"அப்பத் தொறங்க. பிரின்ஸ் கார்டக் கழத்திக்கிடுவான்."

பிரின்ஸ் என்னைப் பார்த்தான்.

"தொறக்கமாட்டேன்" என்றேன்.

"எம்மா, அது நான் வாங்குனது."

"நீ வாங்குனதுதான். நீ கட்டுனது ஓடாம நின்னு போச்சு. அத அவதான் ஓட வச்சிருக்கா. அவ கஞ்சி குடிக்கிறது இதுலதான். பெட்டி அவளோடது."

"அவ உங்கள என்னவோ சொல்லி மாத்தி வச்சிருக்கா."

"அவ ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. நீ சொன்னதத்தான் நான் கேட்டேன். வேற ஒருத்தியும் நீயுமா இருக்க வீடு பாத்திருக்கன்னு அன்னைக்குப் போன்ல நீதான சொன்ன? அதுக்கு முன்னாலயே ஊருக்குள்ள ஆளாளுக்குச் சொன்னாங்க. நான் காதுல போட்டுக்கிடல."

அவன் ஏதோ சொன்னான். பிரின்ஸுக்குத் தலை நிமிரவில்லை. நான் போனை அவன் கையிலிருந்து வாங்கி, என் மகன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நீ அவள விட்டுட்டுப் போயிட்டய்யா. அத எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கணும். அவகிட்டயும் சொல்லியிருக்கணும்." பிறகு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படியே பிரின்ஸிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நின்றுகொண்டே குடித்தான். அட்டைப்பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இத்தனை நாள் இந்த டைரியில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவந்திருக்கிறேன். இன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவனைப் பெற்றவள்தானே.

ஜூலை 23, புதன்

சாயங்காலம் ஷெர்லின் வந்தாள். படம் பிடித்துவிட்டது. மரமும் பிடித்துவிட்டது, இப்போது வரைபடத்திலேயே சேர்க்கப் போகிறார்களாம். அலுவலகத்தில் நிரந்தர வேலையும் தருகிறார்கள். மதுரைக்கே வரச் சொல்கிறார்கள்.

"போ" என்றேன். "தண்ணிய எறக்கிட்டா பெட்டிய ஒரு கார்லயே கொண்டு போயிரலாம்."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கைபேசியை எடுத்துக் காட்டினாள். கிங்ஸ்லி நேற்று அவளுக்கு எழுதியிருக்கிறான். மாதக்கணக்கில் ஒன்றும் எழுதாதவன் எழுதியது: 'அம்மாவ என்ன பண்ணி வச்சிருக்க?'

"என்ன அத்தே நடந்துச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும், வரிசையாக. வீடு பார்த்திருப்பதையும். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"லெந்து காலத்துலயே, ஈஸ்டருக்கு முன்னாலயே. அவியளே சொல்லிட்டாவ. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ சொல்லாதன்னாவ."

"அப்பறமும் ஏம்மா இங்கயே இருந்த?"

தெருவில் யாரோ பிள்ளையைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

"நீங்க அவிய வருவாவன்னு சட்டைய எடுத்து வெயில்ல போட்டீங்க. அவிய சொல்லாம நான் எப்படி உங்கள விட்டுட்டுப் போவேன்? நான் போனா உங்களுக்குத் தெரிஞ்சிரும்லா."

அவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் வாய்மூடி இருந்தேன். எனக்குத் தெரியக் கூடாது என்று அவள் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "மதுரைக்குப் போனா, நான் இங்க யாருன்னு வருவேன் அத்தே? மருமகள்னும் சொல்ல முடியாது."

"யாருன்னு கேக்க இங்க யாரு இருக்கா? என் வீடு. நீ வா" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவில் முடிந்து வந்ததும் கார் வந்துவிட்டது. அதற்கு முன் ஷெர்லின் தொட்டியின் மூடியைத் திறந்தாள். நான் வால்வைத் திருகினேன். தண்ணீர் ஒரே சீராக இறங்கியது. சைக்கிள் பம்பால் ஊதி மிச்சத்தையும் எடுத்தாள். தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா என்று கேட்டேன். மருந்து இருக்கிறது, வேண்டாம் என்றாள். காலிப் பெட்டியும் கனம்தான். டிரைவரும் அவளுமாகக் காரில் ஏற்றினார்கள். சண்முகவடிவு வந்து நின்று பார்த்தாள். எங்கே போகிறாள் என்று கேட்டாள்.

"மதுரைல வேல கெடச்சிருக்கு. கட்டடத்தக் கட்டுறதுக்கு முன்னால படமாக் காட்டுற வேல. இவள மாதிரி அதச் செய்ய ஆள் இல்லையாம்" என்றேன். கடைசி வார்த்தையை யாரும் சொல்லவில்லை; நானே சேர்த்துக்கொண்டேன்.

"கிங்ஸ்லி?"

"அவன் துபாய்ல இருக்கான். இவளோட இல்ல இப்ப."

சண்முகவடிவு ஷெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து நான் அதை எதிர்பார்க்கவில்லை.

கார் போனபிறகு முன்னறையைக் கூட்டினேன். மேஜையில் பெட்டி இருந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு வேதாகமத்தை எடுத்தேன். ஒரே அதிகாரத்தை இரண்டு தடவை வாசித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. பின்னால் பம்பு ஓடுகிற மெல்லிய சத்தம் கேட்டது.

"அத்தே" என்றாள். "ஓடுது அத்தே."